லோன் தர்றோம்னு போன் வருதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சுயஉதவிக் குழுவின் கணக்கு நோட்டு பல வருடங்களாக என் கையில் இருக்கிறது. அதனாலேயே, பேங்க் பெயரைச் சொல்லி யாருக்கு எந்த போன் வந்தாலும் அடுத்த போன் எனக்கு வரும். சிலர் பணம் கட்டுவதற்கு முன் கேட்கிறார்கள். பெரும்பாலோர் கட்டிய பிறகு. சொன்னதையே சொல்லி அலுத்துப்போய், அவரவர் கேட்ட வாயாலேயே கேள்விகளை எழுதி வைத்தேன். இதில் வரும் விதிகளும் உதவி எண்களும் இந்தியாவுக்கு உரியவை.

1. அக்கா, லோன் தர்றோம்னு போன் வந்தாலே அது டுபாக்கூர்தானா?

இல்லை. நிஜ பேங்குகளும் நிதி நிறுவனங்களும் லோன் விற்க போன் போடத்தான் செய்கின்றன. விளம்பர அழைப்புக்கு 140 என்று தொடங்கும் எண்ணையும், உங்கள் கணக்கு தொடர்பான அழைப்புக்கு 1600 என்று தொடங்கும் எண்ணையும்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குச் சொல்லிவிட்டது. சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து ஒருவர் "பேங்க் மேனேஜர் பேசுறேன்" என்றால் அங்கேயே சந்தேகப்படலாம்.

ஆனால் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். திரையில் தெரியும் எண்ணை மாற்றிக் காட்டும் வித்தையும் இருக்கிறது. போனில் காது கொடுக்கலாம், போனிலேயே காரியத்தை முடிக்கக் கூடாது. "சரிங்க, நானே கிளைக்கு வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். நிஜ ஆள் கிளையின் பெயரைச் சொல்வார். மற்றவர் "ஆஃபர் இன்னைக்கு சாயங்காலத்தோட முடியுது" என்பார்.

2. ஃபைல் சார்ஜ் வெறும் 1,500 ரூபாதான் கேட்கிறாங்க. 2 லட்சம் வரும்போது இதைப் பார்க்கலாமா?

என்னிடம் வரும் பத்துக் கேள்வியில் ஏழு இதுதான். ஒன்றை மட்டும் பாருங்கள்: பணம் எந்தப் பக்கம் போகிறது? கடன் கொடுப்பவரிடமிருந்து உங்களுக்கு வர வேண்டும். கடன் கைக்கு வரும் முன்பே உங்களிடமிருந்து அவருக்குப் போகிறது என்றால், கடன் கொடுப்பவர் நீங்கள்தான்.

அந்த 1,500 அதோடு நிற்காது. கட்டிய அரை மணியில் அடுத்த போன் வரும். ஜி.எஸ்.டி. கட்டணும் என்பார்கள். பிறகு இன்சூரன்ஸ். பிறகு முதல் இரண்டு மாத இ.எம்.ஐ. முன்பணம். அதற்கும் பிறகு, "உங்க அக்கவுண்ட் நம்பர்ல ஒரு எண் தப்பா ஏறிடுச்சு, பணம் ஹோல்டுல இருக்கு, திருத்த 8,000" என்று ஒரு கதை. ஒவ்வொரு தடவையும் "இது திரும்ப வந்துரும்" என்ற உறுதி உண்டு. எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி ஐந்து தவணையாக இப்படிக் கட்டியிருக்கிறாள். மூன்றாவது தடவையே சந்தேகம் வந்துவிட்டதாம். அப்புறம் ஏன் கட்டினாய் என்றால், "ஏற்கெனவே கட்டினது போயிடுமேன்னுதான்" என்றாள். அவர்கள் நம்பியிருப்பதும் அந்த எண்ணத்தைத்தான். முதல் தொகையைச் சின்னதாகக் கேட்பது ஆளைப் பிடித்துப் போட. பெரிய தொகை எல்லாம் அதன் பின்னால் வரும்.

3. நிஜ பேங்க்லயும்தான் ப்ராசஸிங் ஃபீஸ் வாங்குறாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

நல்ல கேள்வி. வாங்குகிறார்கள். தனிநபர் கடனில் வழக்கமாக அதைக் கடன் தொகையிலேயே கழித்துக்கொள்வார்கள். 2 லட்சத்துக்கு 2 சதவீதம் கட்டணம் என்றால் 4,000. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 720. உங்கள் கணக்கில் 1,95,280 வந்து விழும். நீங்கள் பையிலிருந்து எதையும் எடுக்க வேண்டியதில்லை.

வீட்டுக் கடனில் விண்ணப்பத்தோடேயே ஒரு கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் உண்டு. அதுவும் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்குப் போகும், ரசீது வரும். தனி ஆளின் மொபைல் எண்ணுக்கு ஜிபே பண்ணச் சொல்ல மாட்டார்கள். இன்னொன்றும் இருக்கிறது. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று காட்டும் முக்கிய விவரத் தாளை, கையெழுத்துக்கு முன் தர வேண்டும். 2024 அக்டோபர் முதல் தனி மனிதர்கள் வாங்கும் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் அது கட்டாயம். "கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் அனுப்புங்க" என்று கேளுங்கள். அந்தப் பெயரைக் கேட்டதுமே போனை வைத்துவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

4. அப்ரூவல் லெட்டர்ல ரிசர்வ் பேங்க் முத்திரை, சிங்க முகம் எல்லாம் இருக்கே அக்கா?

முத்திரையை யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் ஒட்டலாம். ரிசர்வ் வங்கி தனி மனிதர்களுக்குக் கடன் கொடுப்பதில்லை. உங்கள் கடனுக்கு ஒப்புதல் தருவதும் அதன் வேலை இல்லை. ஆகவே அந்த முத்திரை இருப்பதுதான் கடிதம் போலி என்பதற்கு அடையாளம். கூடவே அனுப்பும் அடையாள அட்டைப் படமும் அப்படித்தான்.

சிறுதொழிலுக்கான அரசின் முத்ரா கடன் திட்டத்தின் பெயரிலும் இதே கடிதங்கள் வருகின்றன. 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கிய அந்தத் திட்டம் உண்மை. இப்போது அதன் உச்சவரம்பு 20 லட்சம். ஆனால் முத்ரா நிறுவனம் நேரடியாக யாருக்கும் கடன் தராது. பேங்க், நிதி நிறுவனம், குறுங்கடன் நிறுவனம் வழியாகத்தான் கிடைக்கும். ஏஜென்ட் யாரும் கிடையாது. வேண்டுமென்றால் கணக்கு இருக்கும் கிளைக்குப் போய்க் கேளுங்கள்.

5. சிபில் பார்க்க மாட்டோம்னு சொல்றாங்க. எனக்கு ஸ்கோர் கம்மி, வேற எங்கயும் கிடைக்கல...

உங்களைத் தேடி வருவதே அதனால்தான். நாலு இடத்தில் இல்லை என்று சொல்லக் கேட்டவர், ஐந்தாவதாக ஆமாம் என்பவரைக் குறுக்கு விசாரணை செய்ய மாட்டார். கொடுத்த பணம் திரும்ப வர வேண்டும் என்று நினைப்பவர் வாங்குபவரைப் பற்றி விசாரிக்காமல் இருப்பாரா? கேள்வியே கேட்காமல் 5 லட்சம் தருகிறேன் என்பவருக்குத் திரும்ப வாங்கும் கவலை இல்லை, ஏனென்றால் அவர் கொடுக்கப்போவதே இல்லை.

காசு கொடுத்தால் ஸ்கோரை ஏற்றித் தருகிறேன் என்பதும் பொய். 300-க்கும் 900-க்கும் நடுவில் இருக்கும் அந்த எண், பழைய கடனை எப்படிக் கட்டினீர்கள் என்பதிலிருந்து வருவது. அறிக்கையில் தவறு இருந்தால் திருத்தக் கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

6. என் பேரு, பான் நம்பர், போன மாசம் எங்க லோன் கேட்டேன்னு எல்லாம் கரெக்டா சொல்றார். வெளியாளுக்கு எப்படித் தெரியும்?

தெரியும். பேஸ்புக் விளம்பரத்தில் "தகுதியைப் பாருங்கள்" என்று நிரப்பிய படிவம், வட்டியை ஒப்பிடும் தளத்தில் கொடுத்த எண், ஜெராக்ஸ் கடையில் விட்டுவந்த பிரதி, எங்கோ கசிந்த பட்டியல் என்று வழிகள் நிறைய. இந்த விவரங்கள் கைமாறி விற்கப்படுகின்றன. லோன் கேட்ட மறு வாரமே போன் வருவது தற்செயல் இல்லை.

உங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்திருப்பது, அவர் யார் என்பதற்குச் சான்று ஆகாது.

7. நெட்ல தேடிப் பார்த்தேன், அந்தக் கம்பெனி நிஜமாவே இருக்கு. அப்புறம் என்ன?

கம்பெனி நிஜம். பேசுபவர் அந்தக் கம்பெனியா என்பதுதான் கேள்வி. இப்போதெல்லாம் இல்லாத கம்பெனியை யாரும் உருவாக்குவதில்லை, இருக்கிற பெயரை எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் பெயரைச் சரிபார்த்தது பாதி வேலைதான். மீதிப் பாதி, அந்தக் கம்பெனியை நீங்களாகக் கூப்பிடுவது. அவர் கொடுத்த எண்ணிலும் வேண்டாம், தேடலில் முதலில் வந்து நிற்கும் "கஸ்டமர் கேர்" எண்ணிலும் வேண்டாம். போலி எண்கள் அங்கேயும் உட்கார்ந்திருக்கின்றன. பாஸ்புக்கிலோ கார்டின் பின்னாலோ அச்சடித்த எண்ணை எடுங்கள்.

பதிவு பெற்ற நிதி நிறுவனங்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் தளத்தில் இருக்கிறது. முறையான நிறுவனங்களோடு இணைந்த கடன் செயலிகளின் பட்டியலும் 2025 ஜூலை முதல் அங்கே உண்டு. இந்திய பேங்குகளின் தள முகவரிகள் இப்போது "டாட் பேங்க் டாட் இன்" என்று முடிகின்றன. பேங்க் தளம் என்று வரும் லிங்கின் கடைசியைப் பாருங்கள்.

8. ஆதார், பான், கேன்சல் செக் போட்டோ எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன். பணம் மட்டும் கட்டல. இப்ப என்ன பண்ண?

பணம் கட்டாமல் நின்றீர்களே, அதுவே பாதி தப்பித்தது. ஆதார் எண் மட்டும் தெரிந்தால் கணக்கிலிருந்து பணத்தை உருவ முடியாது, ஆதார் வழிப் பணம் எடுப்பதற்கு விரல் ரேகை மாதிரி உடல் அடையாளம் வேண்டும். அந்த அடையாளப் பயன்பாட்டை ஆதார் செயலியிலேயே பூட்டி வைக்கலாம். இன்றைக்கே பூட்டிவிடுங்கள்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் பெயரில் யாராவது சிம் வாங்கலாம், கடன் வாங்கலாம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை மொபைல் இணைப்பு இருக்கிறது என்று தெரியும். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். கடனுக்கு, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற, நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் வாங்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் வருடம் முழுக்கக் கண்காணித்த மாதிரி ஆகும். வாங்காத கடன் தெரிந்தால் எழுதிப் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

9. ஓ.டி.பி. யாருக்கும் சொல்லல. பணம் உள்ள வர்றதுக்கு யு.பி.ஐ. பின் போடுங்கன்னார், அதை மட்டும்தான் போட்டேன்.

பணம் உள்ளே வர யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் வெளியே போகும், அல்லது இருப்பு தெரியும். வேறு எதற்கும் அது இல்லை. பணம் போயிருந்தால் நேராக 14-வது பதிலுக்குப் போங்கள்.

10. ஃபார்ம் நிரப்ப உதவி பண்றேன்னு ஒரு ஆப் இறக்கச் சொன்னார்...

திரையைப் பகிரும் செயலியாக இருக்கும். உங்கள் போனில் வரும் ஓ.டி.பி.யை அவர் தன் வீட்டில் உட்கார்ந்து படிப்பார். ஸ்டோர் வழியாக இல்லாமல் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. என்ற நிறுவல் கோப்பாக வந்தால் இன்னும் மோசம். இறக்கியாகிவிட்டது என்றால் முதலில் நெட்டை அணையுங்கள், செயலியை நீக்குங்கள், வேறு போனிலிருந்து பேங்கைக் கூப்பிட்டு இணைய வசதியை நிறுத்தச் சொல்லுங்கள்.

11. ஆப்ல கேட்டேன், காசு நிஜமாவே வந்துச்சு. அப்ப அது போலி இல்லைதானே?

இங்கேதான் 2-வது பதிலில் சொன்ன கணக்கு போதாமல் போகிறது. இது வேறு வகை. 5,000 கேட்டால் 3,000 வரும். ஏழாம் நாள் 5,000 கட்டச் சொல்வார்கள். கட்ட முடியாவிட்டால் இன்னொரு ஆப்பைக் காட்டி அதில் வாங்கி இதை அடைக்கச் சொல்வார்கள். செயலியை நிறுவும்போது "அனுமதி" என்று அழுத்தினோமே, அதில் உங்கள் தொடர்பு எண்கள், புகைப்படங்கள் எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விட்டன. அவர்களுக்கு அடமானம் அதுதான்.

முறையான கடன் செயலி உங்கள் தொடர்புப் பட்டியலையோ, படங்களையோ, அழைப்பு விவரத்தையோ தொடக்கூடாது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதை விதியாக்கியது. அடையாளச் சரிபார்ப்புக்காக கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை ஒரு தடவை கேட்கலாம், அவ்வளவுதான். பணமும் நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வந்து, அதே போலத் திரும்ப வேண்டும். 60 நாளுக்குள் முழுதும் கட்டச் சொல்லும் தனிநபர் கடன் செயலிகளைக் கூகுள் பிளே ஸ்டோர் அனுமதிப்பதில்லை. ஆனாலும் சில உள்ளே நுழைந்துவிடுகின்றன. 2021 நவம்பரில் வந்த ரிசர்வ் வங்கிப் பணிக்குழு அறிக்கை, பல செயலிக் கடைகளில் இருந்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்றது. ஸ்டோரில் இருப்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது.

12. நான் கேட்கவே இல்ல. அக்கவுண்ட்ல 3,000 வந்து கிடக்கு, வட்டியோட கட்டுன்னு மிரட்டுறாங்க.

அதைச் செலவு செய்யாதீர்கள். போனில் சொல்லும் எண்ணுக்குத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். அனுப்பினால் "வரவில்லை" என்பார்கள், அல்லது வேறு யாரையோ ஏமாற்றி வந்த பணம் உங்கள் கை வழியாகப் போனதாகும். தெரியாத பணம் வந்திருக்கிறது என்று பேங்குக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். சைபர் குற்றப் புகாரும் போடுங்கள். உங்கள் ஒப்புதல் இல்லாத கடன் கடனே இல்லை.

13. என் போட்டோவை அசிங்கமா மாத்தி எல்லாருக்கும் அனுப்புவேன்னு சொல்றாங்க. வீட்டுக்குத் தெரிஞ்சா செத்துருவேன்க்கா.

முதலில் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். இப்போதே. ஒளித்து வைத்திருக்கும்வரைதான் அவர்களுக்குப் பலம். காசு கொடுத்தால் நிறுத்துவார்கள் என்பதை நான் இதுவரை பார்த்ததில்லை. கொடுப்பவர் என்று தெரிந்ததும் தொகை ஏறுகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, அவர்கள் அனுப்புவதற்கு முன் நீங்கள் அனுப்புங்கள்: "என் போனிலிருந்து எண்களைத் திருடிவிட்டார்கள், என் பெயரில் படமோ செய்தியோ வந்தால் திறக்காதீர்கள், எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள்." இதைச் செய்த ஒரு பெண்ணுக்குச் சொந்தக்காரர்கள் சாட்சியாக நின்றார்கள். மிரட்டல் செய்தி எதையும் அழிக்காதீர்கள், வழக்கின் உயிரே அதில் இருக்கிறது. நிஜமாகவே கடன் வாங்கித் தவணை தவறியிருந்தாலும், காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூல் போன் போடக்கூடாது, உறவினர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது. மனசு தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், இலவசம்.

14. பணம் போயிடுச்சு. யார்கிட்ட முதல்ல சொல்லணும்? எவ்வளவு நேரத்துக்குள்ள?

1930, சைபர் குற்ற உதவி எண். இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. சில நிமிடங்களில் இரண்டு மூன்று கணக்கு தாண்டி ஏதோ ஏ.டி.எம்.மில் நோட்டாகிவிடும். 1930-இல் பதிவானால் அந்தந்த பேங்குகளுக்குத் தகவல் போய், வழியில் இருக்கும் பணத்தை நிறுத்தி வைப்பார்கள். நோட்டாக வெளியே போனதை நிறுத்த முடியாது. அனுப்பிய தேதி, நேரம், தொகை, யு.பி.ஐ. பரிவர்த்தனையின் 12 இலக்க எண் ஆகியவை கையில் இருக்கட்டும். பிறகு உங்கள் பேங்க். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு எழுத்துப் புகார்.

பேங்க் நஷ்டத்தை ஏற்குமா என்றும் கேட்கிறார்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி, ஓ.டி.பி.யைச் சொன்னது மாதிரி நம் கவனக்குறைவால் போனது பேங்குக்குத் தெரிவிக்கும் வரை நம் நஷ்டம். தெரிவித்த பிறகும் போனால் பேங்கின் நஷ்டம். ஃபைல் சார்ஜ் என்று நீங்களே அனுப்பிய பணத்தை மீட்க, அதை வழியில் மறிப்பதைத் தவிர பெரிய வழி இல்லை. "1,500-க்கெல்லாமா புகார்" என்று விட்டுவிடாதீர்கள். அதே கணக்குக்குப் பத்துப் பேர் அனுப்பியிருப்பார்கள், உங்கள் புகார்தான் அந்தக் கணக்கை முடக்கும்.

15. இனிமே வேண்டாம்னு சொன்னேன். லோன் சாங்ஷன் ஆயிடுச்சு, கேன்சல் சார்ஜ் கட்டலைன்னா வாரன்ட் வரும்ங்கிறாங்க.

கைக்கு வராத பணத்துக்குக் கடனும் இல்லை, ரத்துக் கட்டணமும் இல்லை. கடன் தகராறுக்கு வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது, "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. நிஜமான டிஜிட்டல் கடனில்கூட, வாங்கிய பின் வேண்டாம் என்றால் அபராதம் இல்லாமல் திருப்பித் தரக் குறைந்தது ஒரு நாள் அவகாசம் தர வேண்டும்.

16. போன பணத்தை மீட்டுத் தர்றேன்னு சைபர் கிரைம்ல இருந்து ஒருத்தர் கூப்பிட்டார். 2,000 டெபாசிட் கட்டணுமாம்.

அதே கூட்டம், சட்டை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. ஏமாந்தவர்களின் பட்டியலுக்குத் தனி விலை உண்டு. போலீஸ் புகாரைப் பதிவு செய்யவோ பணத்தை மீட்கவோ காசு கேட்காது. 2-வது பதிலில் சொன்னதுதான் இங்கேயும்: பணம் எந்தப் பக்கம் போகிறது?

17. என் பையன் டெலிகாலர் வேலைக்குச் சேர்ந்தான், லோன் பேசணுமாம். இதையெல்லாம் படிச்சப்புறம் பயமா இருக்கு.

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்டார் ஒரு அம்மா. அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுவதும் பல நேரம் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். பையனிடம் சிலவற்றைக் கேட்கச் சொன்னேன். எந்த நிறுவனத்தின் லோன் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்களா? போனில் சொந்தப் பெயரைச் சொல்கிறானா, வேறு பெயர் கொடுத்திருக்கிறார்களா? கமிஷன் கடன் கிடைத்ததற்கா, ஃபைல் சார்ஜ் வசூலானதற்கா? வாரா வாரம் புது சிம் தருகிறார்களா? சம்பளக் கணக்கு என்று சொல்லி அவன் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் வாங்கி வைத்திருக்கிறார்களா?

கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால், ஊரார் கட்டும் ஃபைல் சார்ஜ் வந்து விழுவது அவன் கணக்கில். முதல் புகாரில் முடங்குவது அந்தக் கணக்கு, போலீஸ் முதலில் தேடி வருவது அவன் பெயரை. வேலையை விடட்டும். பேங்கில் எழுதிக் கொடுத்துக் கார்டை முடக்கட்டும். வேலைக்குச் சேர்த்தவரின் செய்திகள், கொடுத்த பேச்சு உரை, எண் பட்டியல் எதையும் அழிக்காமல், ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்குத் தானாகவே போகட்டும். அந்த அம்மா மறுநாள் காலையிலேயே பேங்க் வாசலில் நின்றார், பையனும் கூட இருந்தான்.